மார்க்கெட் சுவர்ப் படத்தின் மேல் கட்டிய தார்ப்பாயை அவிழ்க்கக் கோரி

அனுப்புநர்
செயலாளர்,
வட்டாரச் சித்திரக்கலைஞர் சங்கம்,
அச்சகத்து மாடி, மார்க்கெட் பின்தெரு.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகராட்சி மார்க்கெட்டின் உட்சுவரில் எங்கள் சங்க உறுப்பினர் வரைந்த படம் – புகாரின் பேரில் தார்ப்பாயால் மூடப்பட்டது – புகார் கொடுத்தவரே சமாதானமான பின்னும் மூடியே கிடப்பது – தார்ப்பாயை அகற்றவும், படத்தில் ஒருவரைச் சேர்க்கவும் அனுமதி வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் படம் போடுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் சிறு சங்கம் எங்களுடையது. தங்கள் அலுவலகத்துக்கு இதுவரை நாங்கள் அழைப்பிதழ்கள் மட்டுமே அனுப்பியிருக்கிறோம். புகார் மனு எழுதிப் பழக்கம் இல்லை. முறையில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. குறையைச் சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிடுகிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆயினும் இந்த ஆண்டு எங்கள் குஞ்சுகள் உண்மையிலேயே கொஞ்சம் மின்னியிருக்கின்றன. எங்கள் உறுப்பினர் ஒருவர் எறும்புகளைப் பற்றிய சிறுவர் நூலுக்குப் படம் வரைந்து பரிசு பெற்றார். வரைவதற்காகச் சங்க அறையில் சர்க்கரை வைத்து அவர் வரவழைத்த எறும்புகள் பரிசளிப்பு விழா முடிந்தும் போகவில்லை. அண்ணன் தங்கை இருவர் அரசு மருத்துவமனையின் மாத்திரை உறைகளுக்குச் சூரியன், நிலா, சாப்பாட்டுத் தட்டு என்று படம் போட்டுக் கொடுத்தார்கள். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று கேட்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குத் திரும்பி வருகிறவர்கள் குறைந்துவிட்டதாக மருந்தாளுநர் சொன்னார். கைக்குழந்தையுடன் இருக்கும் இன்னொரு உறுப்பினர், வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடக்கும் சண்டையை வாராவாரம் படக்கதையாகப் போடுகிறார். அவருடைய வீட்டுக்காரர் அதைத் தவறாமல் வாசிக்கிறார். வாடகையை உயர்த்தும் பேச்சை எடுப்பதில்லை.

3. இவற்றுக்கெல்லாம் மேலானது மார்க்கெட் சுவர். முட்டைக் கடையில் தொடங்கி மீன் பகுதி வரை ஓடும் அந்த நீளச் சுவரில் படம் வரையத் தாங்கள்தான் அனுமதி அளித்தீர்கள். அதை வரைந்தவரை நாங்கள் ‘அளவுகோல்’ என்று அழைப்போம். எதையும் அளந்து பார்க்காமல் கோடு போடமாட்டார். பள்ளிப் பாடநூல்களில் தவளையின் குடலும் எரிமலையின் குறுக்குவெட்டும் எத்தனையோ ஆண்டுகளாக அவர் கையால் வந்தவை. எந்தப் பக்கத்திலும் அவர் பெயர் இருந்ததில்லை.

மார்க்கெட்டையே மார்க்கெட் சுவரில் வரைவது என்று அவர் முடிவு செய்தார். காலை தோறும் ஒவ்வொரு கடையின் முன்னும் உட்கார்ந்து, கடையையும் கடைக்காரரையும் உள்ளது உள்ளபடி தாளில் எடுத்துக்கொண்டு, பிறகு சுவரில் ஏற்றினார். முட்டைக்கார அம்மாள் முட்டைகளை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். மீன்காரர் தம் தொப்பையைக் குறைக்கச் சொன்னார். இரண்டுக்கும் அளவுகோல் இணங்கவில்லை. ஆனாலும் படம் முடிந்தபோது மார்க்கெட்டே வந்து நின்று பார்த்தது. தன்னைத் தேடிக் கண்டுபிடித்த ஒவ்வொருவரும் பக்கத்துக் கடைக்காரரின் மூக்கைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். கீழ் மூலையில் சின்ன எழுத்தில் அளவுகோலின் பெயர். அவர் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மார்க்கெட் நிறுத்தத்தில் வண்டி நிற்கும்போது வாசல் வழியே அந்தச் சுவர் தெரியும். அந்த நிறுத்தத்தில் மட்டும் வண்டி சற்று அதிக நேரம் நின்றது என்பதைத் தங்கள் முன் மறைக்க விரும்பவில்லை.

4. படம் திறந்து மூன்றாம் வாரம் சுவர் முழுவதும் நீலத் தார்ப்பாய் கட்டப்பட்டது. விசாரித்ததில், மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் தையல்காரர் எழுத்துமூலம் புகார் கொடுத்திருப்பதாகத் தெரிந்தது. புகார் இவ்வளவுதான்: “சுவரில் என் கடையை வரைந்திருப்பது சரியில்லை. ஆவன செய்ய வேண்டுகிறேன்.” சந்தை ஆய்வாளர் அவர்கள் ஆவன செய்தார். விசாரணை முடியும்வரை மூடிவைப்பதே முறை என்று அவர் கருதியதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் என்ன சரியில்லை என்று தையல்காரரை யாரும் கேட்கவில்லை.

5. அளவுகோல் இதை மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டார். தாம் எடுத்த தாள்களையெல்லாம் சங்க அறையில் பரப்பி, தையல் இயந்திரத்தின் சக்கரத்தையும் கத்தரிக்கோலின் வளைவையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். பிழை அகப்படவில்லை. மார்க்கெட் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். காய்கறிகூட வேறு தெருவில் வாங்கினார். இந்தச் சமயத்தில்தான், சுவர்ப் படத்தைப் பார்த்திருந்த ஒரு பதிப்பாளர், அட்டையிலேயே பெயர் போடுவதாகச் சொல்லி ஒரு முழு நூலுக்குப் படம் கேட்டார். பின்னால் பார்க்கலாம் என்று அளவுகோல் சொல்லிவிட்டார். நான் காரணம் கேட்டதற்கு அவர் சொன்னது: “எங்க தப்புப் பண்ணேன்னே தெரியல சார். அது தெரியாம அடுத்த கோட்ட எப்படிப் போடறது?”

6. ஆகவே நானே போய்ப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். வெறுங்கையோடு போனால் சங்கத்தின் தூதன் என்று தெரிந்துவிடும் என்பதால் பழைய கால்சட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டேன். தையல்காரர் அதிகம் பேசாதவர். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். இடுப்பைச் சுருக்க வேண்டும் என்றேன். அவர் என் இடுப்பைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த அம்மாள், சட்டையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “பெருசாக்கணுங்க. சார் வெக்கப்படறாரு” என்றார். அவர் தையல்காரரின் மனைவி. சுவர் வேலை நடந்த மாதங்களில் அவரை நான் அங்கே பார்த்ததில்லை.

கால்சட்டையின் விஷயம் முடிந்ததும் படத்தைப் பற்றி மெல்லக் கேட்டேன். தையல்காரர் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கிவிட்டார். அம்மாள்தான் பேசினார்.

7. அவர் சொன்னதை இங்கே முறைப்படுத்தித் தருகிறேன். திருமணமான நாள் முதல் இருவரும் அந்தக் கடையில் சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். வெட்டுவதும் தைப்பதும் அவர். காஜாவும் பட்டனும் ஓரம் மடித்து அடிப்பதும் இவர். அளவுகோல் கடைகளைத் தாளில் எடுத்துக்கொண்டிருந்த மாதங்களில் அம்மாள் மருத்துவமனையில் இருந்தார். வயிற்றில் அறுவை சிகிச்சை. அது ஆறுவதற்குள் காய்ச்சல் கண்டு, மறுபடியும் அறுக்க வேண்டும் என்றார்கள். தையல்காரர் பகலில் கடை, மற்ற நேரம் மருத்துவமனை என்று இருந்தார். மனைவியின் முக்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. அது யாருக்கு என்று அளவுகோல் கேட்டபோது, “அது அப்படியே இருக்கட்டும்மா” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அளவுகோலும் அதை அப்படியே வரைந்துவிட்டார்.

தையல்காரரின் கடை அந்தச் சுவருக்கு நேர் எதிரே இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த வாரத்தில், அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கும்போதெல்லாம் எதிரே அவருடைய கடையே தெரிந்தது. இயந்திரத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் காலி முக்காலி. அழியாத வண்ணத்தில்.

“ஒரு வாரம் பார்த்திருக்காரு. அப்புறந்தான் எழுதிக் கொடுத்திருக்காரு” என்றார் அம்மாள். “வீட்டுக்கு வந்தப்புறம் முட்டைக்காரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். ஊரு பாக்குற படத்த மூட வச்சுட்டீங்களேன்னு ரெண்டு நாள் இவரோட பேசல.”

தையல்காரர் அப்போதுதான் மிதிப்பதை நிறுத்தினார். குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “படத்துல தப்பே இல்ல சார். எல்லாம் இருந்தது இருந்தபடியே இருந்துச்சு. அதான்” என்றார்.

8. அன்று மாலையே அளவுகோலிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தக் கடையின் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். பிறகு, “அப்ப முக்காலி சரியாத்தான் வந்திருக்கு” என்றார். மறுநாள் மார்க்கெட்டுக்கு வந்தார். தையல்காரர் எழுந்து நின்றார். அளவுகோல் தையல் இயந்திரத்தின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாள்தான், “ஏம்மா, என்னையும் போட எடம் இருக்கா அந்தச் செவுத்துல?” என்று கேட்டார். “எடம் ஏற்கனவே போட்டு வச்சிருக்கேன்க்கா” என்றார் அளவுகோல்.

அதன் பின் மூன்று காலை வேளைகள் அம்மாளைத் தாளில் எடுத்தார். எங்கள் சங்க வரலாற்றில் இவரைவிட ஆடாமல் இருக்கத் தெரியாத ஆளை யாரும் வரைந்ததில்லை. கண்ணாடி இல்லாமல் வரைய வேண்டும் என்று அம்மாள். கண்ணாடி இல்லாமல் அவள் காஜா எடுத்து நான் பார்த்ததில்லை என்று தையல்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட நிலையில் வரைந்து அளவுகோல் வழக்கை முடித்தார். உடல் தேறியிருந்தாலும் முகம் இளைத்துத்தான் இருக்கிறது. அதை அப்படியே போடுவதா, பழையபடி போடுவதா என்று முதல்முறையாக அளவுகோல் ஒருவரின் விருப்பத்தைக் கேட்டார். “இப்ப இருக்கற மாதிரியே போடு. இதுக்குத்தான் இவ்வளவு பாடு பட்டேன்” என்று அம்மாள் சொல்லிவிட்டார்.

9. இதையடுத்துப் புகாரைத் திரும்பப் பெற நாங்கள் நால்வரும் தங்கள் அலுவலகத்துக்குச் சென்றோம். எழுத்தர் எங்களை அமரவைத்து மரியாதையாகவே பேசினார். புகாருக்கு எண் இடப்பட்டுவிட்டது, எண் இட்டதை வாபஸ் வாங்க வழியில்லை என்றார். “நீங்களே வாபஸ் வாங்கிட்டா, அப்ப எதுக்கு மூடி வச்சீங்கன்னு மேல கேப்பாங்கல்ல” என்றும் விளக்கினார். அப்படியானால் படத்தைத் திருத்திப் புகாரைத் தீர்த்துவிடுகிறோம் என்றோம். விசாரணையில் இருக்கும் படத்தில் கை வைக்கக் கூடாது என்றார். விசாரணை எப்போது என்று கேட்டோம். புகாரில் என்ன சரியில்லை என்று குறிப்பிடப்படாததால் விசாரணையைத் தொடங்க இயலவில்லை என்று தெரிவித்தார். நியாயமாகவே இருந்தது. வெளியே வந்துதான் எங்களுக்குத் தலை சுற்றியது.

10. இதற்கிடையில் தார்ப்பாயின் நிலை வருமாறு. மேற்கூரையிலிருந்து சொட்டும் நீர் அதன் மடிப்பில் தேங்கி, பின்னால் சுவர் ஈரமாகவே இருக்கிறது. மீன் பகுதியை ஒட்டிய மூலையில் வண்ணம் உப்பத் தொடங்கியிருக்கிறது. மீன்காரரின் தொப்பை அவர் அஞ்சியதைவிடப் பெரிதாகிவிட்டது. முட்டைக்கார அம்மாள் தம் பங்குக்குத் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, கேட்பவர்களுக்குத் தம்மை மட்டும் காட்டிவருகிறார். விதிப்படி அது தவறு என்று எடுத்துச் சொன்னோம். “எம்மேல யாரும் புகார் குடுக்கலையே” என்கிறார். பேருந்து, நிறுத்தத்தில் நிற்க வேண்டிய நேரமே நிற்கிறது.

அடுத்த மாதக் கடைசியில் மற்ற வட்டாரங்களின் சித்திரக்கலைஞர் சங்கத்தார் எங்கள் ஆண்டு விழாவுக்கு வருகிறார்கள். அவர்கள் முதலில் பார்க்கக் கேட்டிருப்பது இந்தச் சுவரைத்தான். பதிப்பாளரும் வருகிறார். அவருக்குச் சம்மதம் சொல்லி அளவுகோல் கடிதம் எழுதிவிட்டார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறேன்.

11. ஆகவே தாங்கள் அன்புகூர்ந்து, தார்ப்பாயை அவிழ்க்க உத்தரவிட வேண்டுகிறோம். சுவர் காய்ந்தபின் அளவுகோல் அம்மாளை வரைந்து சேர்க்கவும், உப்பிய மூலையைச் சரிசெய்யவும் அனுமதி வேண்டுகிறோம். தார்ப்பாய் கட்டியதற்காகச் சந்தை ஆய்வாளர் மீதோ, ஓரத்தைத் தூக்கியதற்காக முட்டைக்கார அம்மாள் மீதோ நடவடிக்கை ஏதும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். என்ன சரியில்லை என்று புகாரில் குறிப்பிட வேண்டியது கட்டாயமானால், தையல்காரர் இன்று தம் கையால் எழுதித் தந்திருப்பதை அவ்வாறே சேர்த்துக்கொள்ளலாம்: “படத்தில் என் மனைவி இல்லை. இப்போது இருக்கிறாள்.”

கடையில் அந்த அம்மாள் தம் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். சுவரில் உட்காருவதற்கு மட்டும் தங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறார்.

நாள்: திங்கட்கிழமை, 9ஆம் தேதி
இடம்: சங்க அலுவலகம்

தங்கள் நல்ல பதிலை நம்பியிருக்கும்,
(ஒப்பம்) செயலாளர், வட்டாரச் சித்திரக்கலைஞர் சங்கம்
(ஒப்பம்) ‘அளவுகோல்’, உறுப்பினர்
(ஒப்பம்) தையல்காரர், புகார் கொடுத்தவர்
(ஒப்பம்) அவர் மனைவி

இணைப்பு: முக்காலியில் அமர்ந்து காஜா எடுக்கும் நிலையில் அம்மாளின் பென்சில் படம், ஒரு தாள். தாங்கள் பார்த்தபின் இதைத் திருப்பி அனுப்பிவிட வேண்டுகிறோம். கடையில் மாட்டுவதற்குத் தையல்காரர் ஆணி அடித்துவைத்திருக்கிறார்.