டவல் விழுந்த பிறகு

மார்ச் 4

சாம்பியன் சாருக்கு,

தங்கள் அக்கா எழுதுகிறேன். மரியாதை போதுமா, இன்னும் வேண்டுமா? பேப்பரில் உன்னை ‘இடி’ என்று போடுகிறார்கள். எனக்கு நீ இன்னும் மூக்கொழுகிதான். அதனால் இதற்கு மேல் வா, போ என்றே எழுதுகிறேன்.

பயிற்சி முகாமில் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்களாம். நல்லதுதான். போனில் நாலு வார்த்தை கேட்டால் ‘அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிடுவாய். கடிதத்தை முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

வீடு நன்றாக இருக்கிறது. நீ வாங்கிக் குடிவைத்த வீட்டைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது என்று தையல் கம்பெனியில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிகிறேன். ஆனால் போன வாரம் வாசலில் வைத்து டிரைவரை அறைந்தாயே, அது என் மனசை விட்டுப் போகவே இல்லை. காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியதற்கா அடி? உனக்கு அப்பா வயசு. கன்னத்தைத் தடவிக்கொண்டே உனக்குக் கதவைத் திறந்துவிட்டார். போன வருஷம்வரை குத்துச்சண்டை ரிங்குக்கு வெளியே நீ யார்மேலும் கை நீட்டியதில்லை. இருபத்தொரு வயதில் சாம்பியன் பெல்ட் வந்தது, கார் வந்தது. புத்தியும் பின்னாலேயே வரும் என்று நினைத்தேன், அது இன்னும் பஸ் கிடைக்காமல் நிற்கிறது போல.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. சொல்ல வந்தது வேறு. உன்னோடு பயிற்சிச் சண்டை போட என் வீட்டுக்காரர் நாளை முகாமுக்குப் புறப்படுகிறார். நீ கூப்பிட்டதும் பெயின்ட் வாளியை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ‘மச்சினன் கூப்பிட்டுட்டான்’ என்று ஒரே பெருமை. இத்தனை வருஷம் ஜிம்மில் உன் குத்தை வாங்கிப் பழகினவர்தான். ஆனால் வயது நாற்பதைத் தொடுகிறது, குனிந்து நிமிர்ந்தாலே தலை சுற்றுகிறது என்கிறார். இரண்டு ரவுண்டுக்கு மேல் வேண்டாம். தலைக்கவசம் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து ரிங்கில் அவருடைய மூலையில் நிற்பேன்.

உன் அக்கா

மார்ச் 7

அக்காவுக்கு,

கையில் கட்டோடு எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் திட்டாதே.

டிரைவர் விஷயத்தை இன்னுமா பிடித்துக்கொண்டிருக்கிறாய்? அறைந்தேன், உண்மைதான். சாயங்காலமே என் வாட்சைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. ‘தம்பி, இன்னொரு கன்னம் சும்மாதான் இருக்கு’ என்று அவரே ஜோக் அடித்தார். நேற்று இங்கே ஒருத்தனுக்கு என் குத்தில் தாடை நழுவிவிட்டது. அவனுக்குப் புது பைக். இப்போது என்னிடம் அடி வாங்க நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நீ ஒருத்திதான் பழைய கதையே பேசுகிறாய்.

போன சண்டையில் நீ கண்ணை மூடிக்கொண்டாய் என்று மாமா சொன்னார். நான் சொல்கிறேன், கேள். ஏழாவது ரவுண்டில் எதிராளியின் புருவம் கிழிந்தது. நான் அதே இடத்தில் குத்தினேன். திரும்பத் திரும்ப அதே இடத்தில். ரத்தம் கண்ணை மறைத்துவிட்டது, நான் எங்கே நிற்கிறேன் என்று கையால் துழாவினான். கூட்டம் முழுக்க என் பெயரைக் கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டவன் காதில் அப்புறம் எதுவும் விழாது அக்கா. செருப்பில்லாமல் ஜிம்முக்கு ஓடினவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குப் புரியாது.

ஞாயிறு ஸ்பான்சர்கள் வருகிறார்கள், கேமரா வருகிறது. நல்ல உடையாக உடுத்திக்கொண்டு வா. மாமாவைப் பூ மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

மார்ச் 14

தம்பி,

ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. நீயும் இன்னும் வரவில்லை.

உன் மேனேஜர் சொல்கிற கதையில் உன் மாமா கால் சறுக்கி விழுந்தார். நான் பார்த்ததை எழுதுகிறேன், படி.

முகம் சரியாகத் தெரியவில்லை என்றார் கேமராக்காரர். நீ உன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவரையும் கழற்றச் சொன்னாய். நான் வேண்டாம் என்றேன். ‘ஷோவைக் கெடுக்காதக்கா’ என்றாய். முதல் ரவுண்டு விளையாட்டாகத்தான் போனது. இரண்டாவதில் அவர் கை உன் மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. முன்வரிசையில் யாரோ ஒரு ஆள் சிரித்தார். அதோடு உன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

விலாவில் குத்தினாய், காதோரம் குத்தினாய். அவர் கையை இறக்கிவிட்டார். நீ அவர் கழுத்தைப் பிடித்து நிறுத்தி வைத்துக் குத்தினாய். பல் கவசம் தெறித்து என் காலடியில் விழுந்தது. அவர் ஒரு முழங்காலில் இறங்கினார். நான் டவலை எறிந்தேன். மூலையிலிருந்து டவல் விழுந்தால் சண்டை முடிந்தது. எந்தக் கொம்பனுக்கும் அதுதான் விதி, ஜிம்மில் முதல் நாளே உனக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். டவல் உன் தோளில் விழுந்தது. நீ அதை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து வீசினாய். அவர்கள் கைதட்டினார்கள். பிறகு திரும்பி வந்து, மண்டியிட்டிருந்த மனுஷனை மறுபடியும் நாலு குத்துக் குத்தினாய். கடைசிக் குத்தில் அவர் தலை தரையில் மோதிய சத்தம் கைதட்டலையும் மீறிக் கேட்டது. காதிலிருந்து ரத்தம் ஒழுகியது. உன் கோச், மேனேஜர், உன்னிடம் சம்பளம் வாங்குகிற ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

நேற்று மேனேஜர் பழக்கூடையோடு வந்தார். விபத்து என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் வேண்டியதைச் செய்வார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடையை அவர் கையிலேயே திணித்து அனுப்பினேன்.

குத்துச்சண்டைச் சங்கத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். டவல் விழுந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. விழுந்த பிறகு அடித்திருந்தால் அது விளையாட்டு இல்லை, போலீஸ் கேஸ். நீ தனியாக வா. வந்து இவர் பக்கத்தில் உட்கார். இரண்டு பேரும் சேர்ந்தே போய் நடந்ததைச் சொல்லுவோம். எனக்குப் பணம் வேண்டாம், டாக்டர் வேண்டாம், நீ வந்தால் போதும்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

என்னால் வர முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் கேமராக்கள் நிற்கின்றன, ஒரு படம் வெளியே வந்தால்கூடச் சண்டையை ரத்து செய்துவிடுவார்கள் என்கிறார் மேனேஜர். இன்னும் இரண்டு வாரத்தில் பெல்ட்டைக் காப்பாற்றியாக வேண்டும். என் நிலைமையையும் கொஞ்சம் யோசி.

நான் வேண்டுமென்றே செய்யவில்லை. துடைத்துக்கொள்ளத்தான் டவல் தந்தாய் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து நீதானே எனக்குத் துடைத்துவிடுவாய்.

வீடியோ எல்லாம் அழித்தாயிற்று. டவலே விழவில்லை என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். உன் வாய் ஒன்றுதான் பாக்கி. கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல். மாமாவுக்கு உலகத்தில் எந்த டாக்டர் வேண்டுமோ கூட்டி வருகிறேன். ஆயுசுக்கும் நீ தையல் மிஷினில் உட்கார வேண்டாம்.

மாட்டேன் என்றால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. நீ இருக்கிற வீடு என் பெயரில் இருக்கிறது, அது ஞாபகம் இருக்கட்டும். இப்படியெல்லாம் எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. நீதான் எழுத வைக்கிறாய்.

தம்பி

மார்ச் 24

அக்கா,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாயாம். நான் வாங்கித் தந்ததில் ஒரு கரண்டியைக்கூட எடுத்துப்போகவில்லையாம். விசாரணைக்கு நான் போகவில்லை, அங்கே நீ என்ன சொன்னாய் என்றும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தொப்பி போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக, மேனேஜருக்குத் தெரியாமல். நீ மருந்து வாங்கக் கீழே இறங்கும்வரை மாடிப்படியில் ஒளிந்து நின்றேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மாமா கண் திறந்திருந்தார். மொட்டைத் தலை, ஒரு பக்கம் பள்ளம். என்னைப் பார்த்து, ‘குழாய் ரிப்பேருக்கு வந்தீங்களா?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? கன்னத்தில் கஞ்சி ஒட்டியிருந்தது. எடுத்துவிடலாம் என்று கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு படுக்கையில் சுருண்டுவிட்டார். ‘வேணாம் சார், வேணாம் சார்’ என்றார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜிம்மெல்லாம் ஓடின மாமா என்னை சார் என்கிறார். கையை இறக்கின பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. நான் ஓடி வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து கண்ணாடியைக் குத்தி உடைத்தேன். வலது கை முழுக்கத் தையல், சண்டை போயிற்று. மேனேஜர் வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை.

அக்கா, நான் இப்ப என்ன செய்யணும்? சொல்லு. சண்டையை விடணுமா, விட்டுடறேன். ஸ்டேஷனுக்குப் போகணுமா, போறேன். நீ சொன்னா எதுவானாலும் செய்றேன். எனக்கு ஒண்ணும் தெரியல.

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

விசாரணைக்குப் போன வெள்ளிக்கிழமையே போய்விட்டு வந்தேன். டவலை எறிந்தேன், எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் அடித்தான் என்று சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவர், ‘சொந்தத் தம்பியாச்சேம்மா, நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?’ என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். போலீஸிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. இந்த வாரம் உன்னைத் தேடி வருவார்கள். ஒளிந்து மட்டும் கொள்ளாதே.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். சொல்ல மாட்டேன். பல் துலக்கு என்பதிலிருந்து எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன், நீயும் கேட்டாய். பிறகு பணம் வந்தது, உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய ஆட்களெல்லாம் உன்னிடம் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார்கள். நானும் உன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் குறைத்துக்கொண்டேன். இப்போது ஸ்டேஷனுக்குப் போ என்று சொன்னால் நீ போவாய், எனக்குத் தெரியும். அக்கா சொன்னாள் என்று போவாய். அது எனக்கு வேண்டாம்.

தையல் கம்பெனிக்குப் பின்னால் ஓர் அறை பார்த்திருக்கிறேன். நாளை இவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இனிமேல் பெயின்ட் பிரஷைப் பிடிக்க வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் பேசுகிறார், சாப்பிடுகிறார், அதற்கே இப்போது சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

உன்னை வெறுத்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அழுகைதான் வருகிறது. ஆனாலும் அந்த அறைக்கு நீ வராதே. கடிதமும் போடாதே.

நீ கையைத் தூக்கியதும் அவர் முகத்தை மூடிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாய். நான் கஞ்சி ஊட்டக் கரண்டியைத் தூக்கும்போதும் அப்படித்தான் மூடிக்கொள்கிறார். என்னையும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்.

அக்கா