விழுப்புரத்தில் உன் கிதாரைக் கேட்டோம்

திண்டிவனம்
வியாழக்கிழமை

அன்புள்ள ஜிதேந்திரனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை பிராமியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் கோபன்ஹேகன் குளிரில் அப்படியே இருக்க வேண்டும். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி, பிராமியிடம் இதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

பிராமியைப் பெண் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை தர்மேஷ் கல்லூரியில் வாத்தியார், அவன் அப்பா தரணேந்திரன் மல்லாட்டை மண்டி வைத்துக் கடலை வியாபாரம், நம் ஜைன ஜனம்தான். உன்னைப் பற்றிக் கேட்டதும் அப்பா, பையன் டென்மார்க்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்று கூசாமல் சொல்லிவிட்டார். நீ அந்த வேலையை விட்டுக் கிதாரோடு உட்கார்ந்து மூன்று வருஷம், அவர் உன்னோடு பேசாமலும் மூன்று வருஷம், நம் கடையில் யார் கேட்டாலும் இதே பொய்தான். நானும் பஜ்ஜித் தட்டோடு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது என் தப்பு. பேச்சு எங்கெங்கோ போய், தரணேந்திரன் தனக்கு இருதய ஆபரேஷன் நடந்ததைச் சொன்னார். “மூணு மாசம் படுக்கைங்க. அப்ப தர்மேஷ் ஒரு கிதார் வாசிப்பு போட்டுக் குடுத்தான். பாட்டு இல்ல, பேச்சு இல்ல, கிதாரு, பின்னால டிரம்மு, அவ்ளோதான். இப்பவும் தெனம் அதைக் கேட்டுக்கினுதான் நடக்கிறேன்” என்று போனில் அதைப் போட்டுக்காட்டினார். முதல் மீட்டலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, உன் ஏழு நிமிஷ வாசிப்பு. மேலே உங்கள் குழுவின் பேர்தான், படத்தில் உன் கை இரண்டும்தான், அவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்கும் தெரியவில்லை, அவர்தான் ஒருநாளும் கேட்டதில்லையே. அவர் கடைக்குப் போனபின் நானும் பிராமியும் கேட்போம், வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை அவள் தமிழில் சொல்வாள். ஒருத்தர், இதைக் கேட்டபிறகு என் கிதாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன் என்று எழுதியிருந்தார். திட்டுகிறாரோ என்று பயந்தேன், இல்லம்மா, இப்படித் தன்னால் வாசிக்க முடியாதாம், அதுதான் பெரிய பாராட்டு என்று சிரித்தாள்.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்து, “இது எங்க அண்ணன் வாசிச்சதுங்க. அவரு கம்பெனில இல்லீங்க, கிதார்தான் வாசிக்கிறாரு” என்றாள். தரணேந்திரன் போனை அணைத்தார், அப்பாவைப் பார்த்து, “பெருமையா சொல்லவேண்டியதையே மறைக்கிறீங்க, இன்னும் இன்னா இன்னா மறைச்சிருக்கீங்களோ” என்றார். கிளம்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் அவர்களிடமிருந்து போன் வரவில்லை. அப்பா, குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய் என்று பிராமியைத் திட்டினார், பொய் சொல்லிக் கட்டிக்கொடுக்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று அவளும் கத்தினாள். அவர் சரியாகச் சாப்பிடவில்லை, போன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கென்று எழுந்தார். பத்தாம் நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, விழுப்புரம் போகலாம் வா என்று என்னைக் கூப்பிட்டார். அங்கே போய் மன்னிப்புக் கேட்பாரா, சண்டை போடுவாரா என்று தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

தரணேந்திரன் உட்காரச் சொன்னார், தண்ணீர் வந்தது. அப்பா உட்காரவில்லை. நின்றபடியே, “தப்பு என்னுதுதாங்க. பையன் வேலையை விட்டுட்டு வாசிக்கப் போனது எனக்கு வெட்கமா இருந்துச்சு. பொண்ணு மேல கோவப்படாதீங்க” என்றார். உன் அப்பா இன்னொருத்தர் முன்னால் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. தரணேந்திரன் கேட்டார், “நீங்க அதை ஒரு தபாவாச்சும் முழுசா கேட்டிருக்கீங்களா?” இல்லை என்றார் அப்பா. “கேக்காமயே இன்னாத்துக்கு வெட்கப்பட்டீங்க?” என்று சொல்லி, தர்மேஷிடம் பெரிய ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

ஜிதேந்திரா, அந்த ஏழு நிமிஷத்தை நான் எப்படி எழுதுவேன். மாப்பிள்ளையின் அம்மா கரண்டியும் கையுமாகச் சமையற்கட்டிலிருந்து வந்து நின்றுவிட்டாள். உன் விரல் ஓட ஆரம்பித்ததும் தர்மேஷ் கண்ணை மூடிக்கொண்டான். டிரம் எல்லாம் நின்று நீ மட்டும் தனியாக வாசிக்கிற இடம் வருகிறதே, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தரணேந்திரன் விரலைத் தூக்கி, “இப்ப பாருங்க, இப்ப பாருங்க” என்றார், “எங்க விழுந்துடப்போறானோன்னு எனக்குத் தெனமும் பக்குனு இருக்கும், விழவே மாட்டான்.” அப்பா அதற்குள் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். முடிந்ததும் அப்பா மெதுவாக, “இந்தக் கிதாரு ஒரே ஆளா வாசிக்கிறது?” என்று கேட்டார். ஆமாங்க, ஒரே ஆள்தான் என்றான் தர்மேஷ். “இன்னொரு தபா போடுப்பா” என்றார் அப்பா.

தரணேந்திரன் உடனே இறங்கி வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பையன் என்ன செய்கிறானோ அதை உள்ளபடி போட்டால்தான் சம்மதம் என்றார். அப்பா சரி என்றார். தையில் கல்யாணம். திரும்பி வருகிறபோது விக்கிரவாண்டி தாண்டியதும் அப்பா, “அப்படி வாசிச்சா அவனுக்குக் கை வலிக்காதா?” என்று என்னைக் கேட்டார். அதை அவனையே போன் போட்டுக் கேளுங்கள் என்றேன்.

கல்யாணத்துக்கு நீ பத்து நாள் முன்னாலேயே வா. குளிரில் வெறும் காப்பியோடு இருக்காதே, வேளைக்குச் சாப்பிடு. பகவான் அருளால் உன் விரலுக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை உன் ஊர் நேரம் காலை பத்து மணிக்கு அப்பா போன் செய்வார். கட்டாயம் எடு. ஒரு மன்னிப்பை அந்நியர் வீட்டில் நின்று கேட்டுவிட்டார், இன்னொன்றை நீ கேட்டு வாங்காதே. அவர் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே, நீயே பேசு.

ஆசீர்வாதங்களுடன்
உன் அம்மா
ஜினமதி