நான் மறைத்த கால் வீக்கம்

அம்மாடி,

சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், கத்தாதே.

போடவே மாட்டேன் என்று உன்னிடம் சண்டை போட்டேனே, நோய்க்கிருமியின் குறிப்பை வேறொரு வைரஸில் ஏற்றி உடம்புக்குள் அனுப்புகிற அந்தத் தடுப்பூசி, அதைப் பத்து நாளைக்கு முன்னால் உனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டேன். முதலில் வெறும் காய்ச்சல். இப்போது இடது கால் வீங்கியிருக்கிறது, தலைவலி விடவில்லை.

ஊசி போட்ட இடத்திலிருந்து நேற்று ஒரு பெண் போன் செய்து, "ஐயா, ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்றாள்.

"ஒரு மண்ணும் இல்ல, போனை வையும்மா" என்றேன். சொன்னால் உன் காதுக்கு வந்துவிடுமே.

பக்கவிளைவை ஊசி போடுகிறவர்கள் மறைக்கிறார்கள் என்று உன்னோடு மல்லுக்கு நின்றேன். மறைத்தது நான்தான். அவள் நம்பர் காலண்டரில் இருக்கிறது. கூப்பிட்டு உள்ளதைச் சொல்.

மறந்துவிட்டேன்: ஊசிச் சீட்டை மாவு டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். டாக்டர் கேட்பார், எடுத்து வா. மெதுவாக வா என்று சொல்ல மாட்டேன்.

அப்பா