ரைட் ஹாஃப் இடத்துக்கு இருவர்

மர்பி டவுன்,
பெங்களூர்.
10.8.1997

அன்புத் தோழி நோராவுக்கு,

நலம்தானே என்று கேட்க மாட்டேன். நீ நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். டெல்லி பயிற்சி முகாமுக்குப் போன் செய்தேன், பெண்களை வெளிப் போனுக்குக் கூப்பிட மாட்டார்களாம். அதனால் ஸ்பீட் போஸ்ட். யார் கண்ணிலும் படாமல் படி.

உன் அம்மா நன்றாக இருக்கிறார். டெல்லி குளிருமா என்று கேட்டார். ஆகஸ்டில் வேகும் ஆன்ட்டி என்றேன். அப்படியும் உனக்கு ஸ்வெட்டர் பின்னுகிறார். நீ இந்திய ஜூனியர் ஹாக்கி டீமில் ஆடப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மீன் விற்கிற பெண்கூட என்னிடம் உன்னை விசாரிக்கிறாள்.

இங்கே ஒரே மழை. நீங்கள் அங்கே செயற்கைப் புல் டர்ஃபில் பறக்கிறீர்கள், நாங்கள் சேற்றிலிருந்து பந்தைத் தோண்டி எடுக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பிராக்டீஸ் முடிந்ததும் நம் கோச் கோவிந்தப்பா சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகாமிலிருந்து கேட்டார்களாம். இடது பக்கம் திரும்பும்போது நீ தயங்குகிறாயாம். இருபதாம் தேதி பதினெட்டுப் பேரை அறிவிக்கிறார்கள். உனக்குக் காயம் என்றால், ஸ்டாண்ட்பையாக இருக்கிற நான் பெட்டியோடு தயாராக இருக்க வேண்டுமாம். ஹாஸ்டலில் அவளோடு ஒரே ரூமில் இருந்தவள் நீதானே, முட்டியில் ஏதாவது உண்டா, உண்மையைச் சொல் என்று கன்னடத்தில் கேட்டார்.

“அவளுக்கு இன்னா சார், குதுர மாரி ஓடுவா” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் ஸ்டிக்கைத் தொடாதே என்று டாக்டர் சொன்னபோது உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவளும் நான்தான். வலி என்று வாயைத் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாய். நம்மில் யார்தான் பயப்படவில்லை? ஆனால் சார் போகும்போது ஒன்று சொன்னார். பதினேழு வயதில் ஒரு டீம் போனால் இன்னொன்று வரும், முட்டி போனால் நானும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பித் திரும்பி வந்துவிட்டேன். சொன்னால் உன் இடம் எனக்கு. ஃபார்வர்டாக இருந்த உன்னை நான் ஆடிய ரைட் ஹாஃபுக்கு மாற்றி என் தலையில் மண்ணை வாரிப் போட்டவரும் அவர்தானே! இடத்துக்காகக் காட்டிக்கொடுத்தாள் என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அது பொய் என்று என்னாலேயே அடித்துச் சொல்ல முடியவில்லையே நோரா, அதுதான் என்னைக் கொல்கிறது.

அதனால் நீயே முகாம் டாக்டரிடம் போ. இருபதாம் தேதிக்கு முன்னால் போ. கெஞ்சிக் கேட்கிறேன், அந்த முட்டியோடு மேட்ச் ஆடாதே. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்புறம் என்னைக் கூப்பிடுவார்கள். பெருந்தன்மையாக மறுத்துவிடுவேன் என்று நினைக்காதே. வருவேன். இங்கே கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் நீ வந்து இறங்கும்போது உன் பையை வாங்க நான் இருக்க மாட்டேன். அதை மட்டும் மன்னித்துவிடு.

உங்கள் மாதாவும் எங்கள் மாரியம்மாவும் உன் காலைக் காக்கட்டும்.

உன்
காந்தா