நேர்ச்சரிவும் உப்பலும்

செப்டம்பர் 22, 2025, திங்கள்

காலையில் கத்திரிக்காய் நறுக்கும்போதுகூட அரிவாள்மணையின் சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னிக்குக் காய் வேகணுமா, வேண்டாமா?" என்றார் இவர். கோர்ட்டுக்குப் பஸ் பிடிக்கிற அவசரம் அவருக்கு.

எங்கள் தச்சநல்லூர் பட்டறையில் இரண்டு மாதிரிக் கத்தி தயார். ஒரே எஃகு, ஒரே நீளம், ஒரே பிடி. கூர் மட்டும் வேறு. என்னுடையது நேர்ச்சரிவு: அலகின் பாதியிலிருந்து விளிம்புவரை ஒரே தட்டையாக இறங்கும். மணிராஜ் அண்ணனுடையது உப்பல்: விளிம்பை நெருங்கும்போது இரண்டு பக்கமும் லேசாக வயிறு வைத்திருக்கும். குன்னூரில் காட்டு முகாம் நடத்தும் ஃபர்ஹத் மேடம் கேட்டது ஒரே ஒரு மாதிரிக் கத்தி. முகாமுக்கு வருகிறவர்கள் மரக்கரண்டி, கூடாரமுளை செதுக்கிப் பழகுவதற்கு. "நீங்களே சோதிச்சு, எது நல்லதோ அதை அனுப்புங்க" என்றுவிட்டார். பிடித்துப்போனால் முகாம் முழுவதற்கும் எங்கள் கத்திதான்.

பிடிக்காவிட்டால்? ஜூனில்தான் கங்கைகொண்டான் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலையை விட்டேன். மணி அண்ணனும் அங்கே கிரைண்டிங்கில் இருந்தவர். என்னை நம்பி அவரும் விட்டார். "கிறிஸ்மஸ் வரைக்கும் பாரு. இல்லன்னா திரும்பப் போயிரு" என்று இவர் சொல்லியிருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

பூவரசு, வேம்பு, உடைமரம் — மூன்றிலும் போட்டுப் பார்த்தோம்.

பூவரசில் என் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சரிவை மரத்தில் படுக்க வைத்தால் போதும், கத்தியே வழி கேட்காமல் போகிறது. சீவல் சுருள் சுருளாக விழுகிறது. உப்பல் அப்படி இல்லை. மெல்லிசாகச் சீவப் போனால் வழுக்குகிறது, கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் உடைமரத்துக் கணுவில் அது அசரவில்லை. எனக்கு அங்கே கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. கணுவைச் சுற்றிக்கொண்டு போனேன். அண்ணன் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, சீவுதது மட்டுந்தான் வேலையா? கணு வந்தா ஒங்கத்தி பல்லக் காட்டிரும், பாத்துக்க."

"செதுக்குததுக்குத்தான அண்ணே கேட்டிருக்காங்க?"

"காட்டுல மரம் என்ன, கணு இல்லாமலா மொளைக்கி?"

ஆயுதபூஜை கழித்து வெள்ளிக்கிழமை கணுவிலேயே வைத்து முடிவு பார்த்துவிடலாம் என்று பேச்சு. தோற்றவர் வாயைத் திறக்கக் கூடாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோவிலில் பிரசங்கம் முழுக்கப் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தேன் — ஆண்டவர் மன்னிப்பாராக.

அக்டோபர் 1, புதன்

பட்டறையில் பூஜை. அண்ணன் மனைவி தனலட்சுமி மதினி கத்திகளிலிருந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பெல்ட் மெஷினுக்கு மாலை. நான் வாசல் பக்கம் நின்று பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன்.

எலுமிச்சை வெட்ட அண்ணன் என் கத்தியை எடுத்தார். "டார்லின் கத்திதான் இன்னிக்கு" என்று சிரித்தார். இத்தனை நாள் சண்டைக்குப் பிறகு அந்த மரியாதையில் எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. வெட்டிய கத்தியைச் சாறோடு அப்படியே பலகையில் வைத்தார். துடைக்கத் துணியைக்கூட எடுத்தேன். ஆனால் பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக் கூடாதே. அவர்கள் விசேஷத்தில் வேதக்காரி ஒருத்தி போய்க் கையை நீட்டுவதா? துணியை மடித்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

தோற்றுவிட்டேன்.

கணுவில் வைத்து அழுத்திய முதல் தடவையே விளிம்பு பொடிந்தது. பூவரசில்கூட இழுத்து இழுத்துத்தான் போயிற்று. உப்பல் கணுவைத் தாண்டிப் போயேவிட்டது. "நாஞ் சொன்னேம்லா" என்றார் அண்ணன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

உப்பலையே அனுப்புகிறோம் என்று ஃபர்ஹத் மேடத்துக்கு நானே செய்தி போட்டேன். ஒரு தோசைகூட இறங்கவில்லை.

அக்டோபர் 4, சனி

மனசு கேட்கவில்லை. பழைய வேலையில் வைத்திருந்த லென்ஸை எடுத்துப் பார்த்தேன். கத்தியின் முன்பாதி விளிம்பு முழுக்கக் கரும்புள்ளி, அரித்தமாதிரி. பின்பாதி சுத்தம். முன்பாதிதானே எலுமிச்சையில் இறங்கியது! துருப்பிடிக்காத எஃகு இல்லை இது; எண்ணெயும் இல்லாமல் ஒரு ராத்திரி முழுக்கப் புளிப்பில் கிடந்திருக்கிறது. எனக்கா தெரியாது? துணி கையில் இருந்ததே!

எப்படிச் சொல்ல? உங்கள் பூஜைதான் என் கத்தியைக் கெடுத்தது என்றா? அதுவும் தோற்றபிறகு? ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒருவேளை நான் அவள்தானோ.

அக்டோபர் 6, திங்கள்

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. இல்லை, சொல்லத்தான் வேண்டும்.

"அப்போ சாமிக்கு வச்சதுதான் கெடுத்துட்டுங்கியா?"

"சாமியச் சொல்லல அண்ணே. எலுமிச்சம்பழத்தச் சொல்லுதேன்."

"அன்னைக்கே தொடச்சிருக்க வேண்டியதான? தோத்த பெறகு வந்து பேசுத."

"ஒங்க பூசைன்னுதான் தொடல!"

கத்திவிட்டேன், பட்டறையே கேட்கும்படி. அவர் தன் கத்தியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் யாருக்காகத் துடைக்காமல் நின்றேனோ அவரே என்னை ஏமாற்றுக்காரி மாதிரிப் பார்த்தால் என்னதான் செய்ய?

அக்டோபர் 7, செவ்வாய்

வரவில்லை. போனும் எடுக்கவில்லை. தெருவில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் எழுந்து பார்க்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

இன்றைக்கும் இல்லை. ஆர்டர் போனால் போகட்டும், கங்கைகொண்டானுக்கே திரும்பிப் போய்விடலாம். இவரிடம் சொன்னேன். "முதல்ல சாப்பிடு" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

நான் போகும்முன்பே அண்ணன் பட்டறையில் இருந்தார். மேஜைமேல் அவருடைய உப்பல் கத்தி. எண்ணெயைத் துடைத்து, எலுமிச்சையை வெட்டி, ராத்திரி முழுக்கச் சாறோடு வீட்டில் வைத்திருந்திருக்கிறார். ஜெயித்த கத்தி! அனுப்ப வைத்திருந்த கத்தி!

வேப்பங்குச்சியை எடுத்துச் சீவிக் காட்டினார். சீவவில்லை, நார்நாராகப் பிய்ந்தது.

"கணுவரைக்கும் போகவே இல்ல, பாத்தியா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மேடத்துக்கு நான் பேசிட்டேன். எங்க சோதனையில தப்பு, நாலு நாள் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொன்னேன். அவரும் நம்பினமாதிரி இருந்துகொண்டார்.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டையும் புதிதாகச் சரிவு பிடித்து, எண்ணெய் போட்டு, மறுபடி பார்த்தோம். பூவரசிலும் வேம்பிலும் நேர்ச்சரிவு. உடைமரத்துக் கணுவில் உப்பல்தான். என்னுடையது லேசாக மடங்கியது. எல்லாப் பழியும் எலுமிச்சைமேல் இல்லை. அது வலித்தது.

"புதுசா செதுக்கப் படிக்க வாறவங்களுக்கு ஒங்கத்திதாம்மா. இத அனுப்பு" என்றார் அண்ணன். அவரே சொன்னார். கணுவில் மடங்கும் என்பதையும் மறைக்காமல் எழுதியே அனுப்பினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

ஃபர்ஹத் மேடம் பேசினார். "கணுவைக் கண்டா விலகிப் போகணும்னுதான் எங்க முதல் பாடமே" என்றார். நேர்ச்சரிவே போதுமாம். முகாம் முழுவதற்கும்.

இவரிடம் போனில் சொன்னேன். கோர்ட் என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்தார்.

நவம்பர் 3, திங்கள்

ஆர்டரின் முதல் கத்தி. பெல்ட்டில் வைக்காமல் அளந்துகொண்டே நின்றேன். "தள்ளும்மா" என்று மணி அண்ணன் வாங்கிப் பெல்ட்டில் வைத்தார். என் சரிவு. ஜூனிலிருந்து நான் பிடித்துப் பார்த்த எதிலும் அவ்வளவு நேராக இறங்கியதில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

"சரியா இருக்கா, பாரு" என்று நீட்டினார்.

லென்ஸை எடுத்துப் பிடியிலிருந்து நுனிவரை, இரண்டு பக்கமும் குறை தேடினேன். கிடைக்கவில்லை.