பால்கனியிலிருந்து தெரியாத மாடி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. நாளை கோர்ட்டில் என் சாட்சி.

தொம்மலூர் கொலை வழக்கு. மொட்டைமாடியில் வீட்டுக்காரரை அடித்துக் கொன்றதாக பிளம்பர் முருகன் ஜெயிலில். தன் பால்கனியிலிருந்து பார்த்ததாக எதிர்வீட்டுக்காரர் சாட்சி. போலீஸ் எங்கள் சர்வே கம்பெனியைக் கூப்பிட்டு, அன்றே நான்தான் இடத்தை அப்படியே முப்பரிமாணத்தில் பதியும் லேசர் ஸ்கேன் எடுத்தேன், டிரோன் படமும். கம்ப்யூட்டரில் அந்த பால்கனியில் நின்று பார்த்தால் குறுக்கே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அடி விழுந்த இடம் தெரியவே தெரியாது. வீட்டை இப்போது இடித்தாயிற்று. ஸ்கேன் மட்டும்தான் மிச்சம்.

இன்ஸ்பெக்டரிடம் மறுபடி சொன்னேன்.

"சும்னே இரி, சும்மா இருங்க மேடம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பால்கனி எல்லாம் உங்க சப்ஜெக்ட் இல்ல."

தோசை மாவு வாங்க மறந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

கோர்ட் டிவிக்கு என் லேப்டாப் வயர் பொருந்தவில்லை. காலை முழுக்க வீண்.

முருகனின் வக்கீல் எழுந்தார். இவராவது பால்கனியைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால்! டிரோன் பறக்க அனுமதி உண்டா? மெஷினைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? ஃபைலை யாரும் மாற்றவில்லை என்ற சான்றிதழில் கையெழுத்து எங்கே? இல்லை. போலீஸ் போட மறந்த கையெழுத்து. ஸ்கேனை ஏற்கவே கூடாது என்று ஒரே சத்தம். நீதிபதி ஒதுக்கி வைத்துவிட்டார். நான் வாயெடுத்தேன். கேட்டால் மட்டும் பேசச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

வராந்தாவில் முருகனின் மனைவி செல்வி. கே.ஜி.எஃப்பிலிருந்து ரயிலில் வந்தவள். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா மேடம், போலீஸ் மெஷினையே எங்க வக்கீல் சார் தூக்கி எறிஞ்சிட்டாரு!"

நேரே வக்கீலிடம் போனேன்.

"சார், போலீஸ் உங்களுக்குக் குடுத்த ஸ்கேன் பென் டிரைவைப் பாத்தீங்களா?"

"அது ஓபனே ஆகல மேடம்."

பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து அந்த பால்கனியைக் காட்டினேன்.

"மாடி எங்க?"

"தொட்டி மறைக்குது, இங்கேருந்து தெரியாது சார். அதான்."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். செல்வி எட்டிப் பார்த்து, "என்ன சார், நல்லதுதானே?"

ஜூலை 9, புதன்

நான் வக்கீலுக்குக் காட்டிய விஷயம் ஆபீசுக்கு வந்துவிட்டது. மேனேஜர்: "போலீஸ் இனிமே நமக்கு வேலை குடுப்பாங்களா?" தலைவலி. இனி எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் பார்க்கிங் அளக்கும் வேலை.

ஜூலை 25, வெள்ளி

ஸ்கேனை ஏற்கச் சொல்லி அதே வக்கீல் மனு. அன்று வேண்டாம் என்றது நீங்கள்தானே என்று நீதிபதி கேட்க, கோர்ட்டே சிரித்தது. அவர் தலை நிமிரவில்லை. இம்முறை சான்றிதழில் எல்லாக் கையெழுத்தும் இருந்தது. நீதிபதி இறங்கி வந்து திரை அருகே நின்று பார்த்தார். வெகுநேரம். எதிர்வீட்டுக்காரரை மறுபடி கூப்பிடச் சொன்னார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பவேயில்லை.

ஜூலை 31, வியாழன்

மழை. பேஸ்மென்ட்டில் தண்ணீர், அளவெடுக்க முடியவில்லை. முருகனுக்கு ஜாமீன். விடுதலை இல்லை, கேஸ் இன்னும் இழுக்கும்.

மாலை செல்வி போன். அழுகையில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. பின்னால் ஒரு ஆண் குரல்: "குடு, நான் பேசறேன்."