முழங்கால் மடங்கிய சேதி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே நான் சுகம், வீடு சுகம், என் வலது முழங்காலை மட்டும் நீ தனியாக நலம் விசாரிக்க வேண்டும். போனில் நீ கேட்கும்போதெல்லாம் 'நல்லா இருக்கேன்' என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, அதைச் சொன்ன பிறகு வேறு பேச்சுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நீயும் குறுக்கே பேச மாட்டாய்.

லாண்டரிப் படியில் சறுக்கி லேசாக அடிபட்டது என்று சொன்னேன் அல்லவா, அது லேசு இல்லை தம்பி. ஈரப் போர்வைகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறும்போது விழுந்ததில் முட்டிச் சில்லு பிளந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி போட்டுக் கட்டினார்கள். என்னோடு துணி மடிக்கிறாளே அந்த வாயாடி, அவள்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். கட்டைப் பிரித்தபோது கால் விறகுபோல நீட்டியது நீட்டியபடியே நின்றது. எலும்பு கூடிவிட்டது, இனி மடக்கப் பழக வேண்டும், பிசியோதெரபிக்குப் போங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். முதலாளியும் நல்ல மனிதர்தான், ஆனாலும் 'படி ஏற முடிஞ்சா வாங்கம்மா, இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்' என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, துணி தானாக மாடி ஏறாது.

பிசியோ செய்கிற இடம் ஒரு நீளமான கூடம். கட்டிலுக்குக் கட்டில் பச்சைத் திரை, தோள்பட்டைக்காரர்கள் சுற்றுவதற்குச் சுவரில் ஒரு சக்கரம், இழுப்பதற்குக் கப்பியில் கயிறு. முதலில் சூடான பையை முட்டியில் வைப்பார்கள், பிறகு ஒரு மெஷினை ஒட்டுவார்கள், எறும்பு ஊறுவது போலக் குறுகுறுக்கும். அது வரைக்கும் சுகம்தான். அதன் பிறகு அந்தப் பிசியோ பெண் வந்து காலைப் பிடித்து மடக்குவாள் பார், பிரசவ வலி தோற்றுப்போகும். உன்னைவிடச் சின்னப் பெண், ஒல்லிக்குச்சி, கையில் மட்டும் அவ்வளவு பலம். முதல் நாளே 'இங்க நான் செய்யிறது கால்வாசிதாம்மா, மீதிய வீட்டுல காலையும் சாயங்காலமும் ஒருத்தர் பிடிச்சு மடக்கி விடணும். வீட்டுல யாரு இருக்கா?' என்று கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், அவர் காலை மனைவி ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் காதுபட 'யாருமில்ல' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 'பையன் இருக்கான்' என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் அவள் 'பையன் மடக்கி விட்டாரா?' என்று கேட்பாள், நானும் விட்டான் விட்டான் என்பேன். அதோடு நிறுத்தினேனா, 'நேத்து வேலை விட்டு வரவே நேரமாச்சு, இருந்தாலும் கைகாலைக் கழுவிட்டு நேரா எங்கிட்டதான் வந்தான்' என்று கதை வேறு. நான் வலி தாங்காமல் கத்தினால் உன் முகம் சுருங்கிப் போகிறது என்றெல்லாம் சொன்னேன். சிரிக்காதே. அந்தக் கூடத்தில் இருக்கிற அரை மணி நேரம் நீ நிஜமாகவே வீட்டில் இருப்பது போலத்தான் எனக்கு இருக்கும். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால், காலையில் குடித்து வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். குப்புறப் படுத்துக் கணுக்காலில் பழைய புடவையைக் கட்டித் தலைக்கு மேலாக நானே இழுத்துப் பார்ப்பேன். வலி தொடங்கியதும் கை தானாக விட்டுவிடும். தன் கை தன் காலுக்கு இரக்கம் காட்டத்தான் செய்யும், அதற்குத்தான் இன்னொருத்தர் வேண்டும் என்கிறார்கள் போல.

சாயம் வெளுக்காமல் இருக்குமா? ஒருநாள் பிசியோ பெண் அளவுச்சட்டத்தை வைத்து முட்டியை அளந்து பார்த்தாள், மறுபடி அளந்தாள், முகம் மாறிவிட்டது. வந்த நாளில் மடங்கின அளவிலேயே கால் நிற்கிறது. 'இப்படியே விட்டா மறுபடியும் மயக்க மருந்து குடுத்துத்தான் மடக்கணும். உங்க பையன் ஏனோதானோன்னு செய்யிறாரும்மா. பெத்தவ கால்னு ஒரு இது வேணாமா? நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க, நாலு வார்த்தை கேக்குறேன்' என்றாள். பக்கத்துக் கட்டில் பெரியவர், இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று ஆரம்பித்தார். அங்கே ஒரு டிராபிக் போலீஸ்காரி தோள்பட்டை இறுகிப்போய்க் கயிறு இழுக்க வருவாள், அவள் கயிற்றை விடாமலேயே 'அட்ரஸ் குடுக்கா, அவனை நான் விசாரிக்கிறேன்' என்றாள். ஊரே சேர்ந்து உன்னை வைகிறது, நீ என்னடா பாவம் செய்தாய்? எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ, 'எம்புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க, அவன் இந்த ஊர்லயே இல்ல, அவன் போயி வருஷக்கணக்காச்சு' என்று கத்திவிட்டேன். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, சூட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிசியோ பெண் திட்டவில்லை. ஏன் பொய் சொன்னீங்க என்றுகூடக் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு 'கத்தணும்னா கத்திக்கங்கம்மா' என்றாள். அன்றைக்குப் போல அவள் என்றைக்கும் மடக்கியதில்லை. வலித்தால் எல்லாரும் அம்மா என்பார்கள், நான் உன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறேன், பிறகு போலீஸ்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்தப் போலீஸ்காரிதான் கடைசியில் கை கொடுத்தாள். அவள் குடியிருப்பு நம் தெருவுக்குப் பின்னால்தான். அவள் கையையும் யாராவது மேலே தள்ளிவிட வேண்டும், அவள் வீட்டுக்காரர் பயந்த சுபாவம், அவள் 'ஐயோ' என்றதும் விட்டுவிடுவாராம். கை பாதிதான் எழும்புகிறது, அதைப் பார்த்து ஒரு வண்டியும் நிற்பதில்லை என்று டூட்டியிலிருந்து எடுத்து ஆபீசில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். சாயங்காலம் சாயங்காலம் வந்தாள். நான் அவள் கையைச் சுவரோரம் ஏற்றிவிடுவேன், அவள் என் காலை மடக்குவாள். நான் இழுத்துக்கொண்டால் 'பிடிச்சு உள்ள போட்டுருவேன், காலை விடுக்கா' என்று அதட்டுவாள். வலியிலும் சிரிப்பு வந்துவிடும். இரண்டு டீ போட்டேன் தம்பி. ஒரு டீயே போட்டுப் பழகின கை, முதல் நாள் சர்க்கரை அளவு தவறிவிட்டது. அவளுக்கு எனக்கு முன்னால் சரியாகி, வெளியூருக்கு மாற்றலும் வந்துவிட்டது. போகும்போது வாசலில் நின்று கையை நன்றாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். சந்தோஷம்தான். ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் நேரம் நகரவே இல்லை.

நான் லாண்டரிக்குப் போகத் தொடங்கிவிட்டேன், கைப்பிடியைப் பிடித்து மெதுவாக மாடி ஏறுகிறேன், கூடையை வாயாடி தூக்கிக்கொள்கிறாள். நீயும் அங்கே வேலை பார்க்கிற கிடங்கில் பெட்டிகளைக் குனிந்து தூக்காதே, முட்டியை மடக்கி உட்கார்ந்து நெஞ்சோடு அணைத்து எழ வேண்டுமாம், பிசியோ பெண் சொல்லிக்கொடுத்தாள், நீ செய்கிறாயா என்று பார்க்க எனக்குக் கண் எட்டாது.

இன்று காலை பிசியோ பெண் 'கால் நல்லா மடங்குது, இனிமே வர வேண்டாம்மா, தரையில உக்கார்றதுன்னாலும் கொஞ்ச நேரம் உக்காரலாம்' என்று சொல்லிவிட்டாள். நல்ல சேதிதானே, ஆனாலும் வந்த பஸ்ஸை ஏனோ விட்டுவிட்டு அடுத்ததில்தான் ஏறினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். விழுந்த பிறகு இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் 'பாருடா' என்று சொல்லித் தலையைத் திருப்பினேன். அங்கே பீரோதான் நின்றுகொண்டிருந்தது.

வராதே, லீவை வீணாக்காதே, டிக்கெட் தண்டம் என்றே எப்போதும் எழுதுகிறவள் நான். இந்தத் தடவை அதை எழுதவில்லை. வா தம்பி. வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ.

நோய்நொடி அண்டாமல், கைகால் சுகத்தோடு, நினைத்த காரியமெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். லீவு கேட்ட அன்றே மறக்காமல் போன் செய், பகலானாலும் ராத்திரியானாலும் எடுப்பேன்.

தரையில் உட்கார்ந்தபடியே எழுதும்,
உன் அம்மா